ஊர் பார்க்கப் போவோம், வாருங்கள்!

பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் எமது வீடுகளில் ‘டிரிப்’ பற்றிய பேச்சு ஆரம்பமாகிவிடும். சொந்தக்காரர் மூன்று நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பார்கள். வீட்டுப் பெண்கள் இரவு இரண்டு மணிக்கே எழுந்து சமைத்து, சோற்றுச் சட்டியோடு வாகனத்தில் ஏறுவார்கள். ஒரே நாளில் ஐந்தாறு இடங்களைத் தொட்டுவிட்டு நடுநிசியில் வீடு வந்து சேருவார்கள். மறுநாள் பிள்ளையிடம், “மகன், என்னவெல்லாம் பார்த்தீங்க?” என்று கேட்டால், “குளிச்சோம், சாப்பிட்டோம், தங்கச்சி வாந்தி எடுத்தா” என்பான். அவ்வளவுதான்!

அன்பின் வாசகர்களே! ஹலாலான முறையில் மகிழ்ந்திருப்பதை யாரும் குறை கூற முடியாது. ஆனால் அதே பணத்தையும் அதே நாட்களையும் கொண்டு இன்னொரு விதமாகவும் பயணம் செய்யலாம். பழைமையான ஓர் ஊரைத் தெரிவு செய்து, ஓரிரு நாள் அங்கே தங்கி, கால்நடையாக நடந்து பார்த்துவிட்டு வருவதையே இங்கு உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலையை நோக்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் மனிதனைத் தூண்டுகின்றது. அவ்வசனங்களை ஓதும்போது எமது எண்ணம் ஆது, ஸமூது கூட்டத்தாரின் இடிபாடுகளை நோக்கிப் போய்விடுகின்றது. எமது காலடியிலுள்ள மண்ணும் அந்தப் பூமியைச் சேர்ந்ததுதான் என்பதை நாம் நினைப்பதில்லை. பக்தாதும் குர்துபாவும் எங்கே இருக்கின்றன என்று வகுப்பில் சரியாகச் சொல்லும் மாணவனிடம், இலங்கை முஸ்லிம்களின் பழைய துறைமுக ஊர்கள் நான்கைச் சொல் என்றால் திகைத்து நிற்கின்றான். “நீங்கள் இந்த நாட்டுக்கு எப்போது வந்தீர்கள்?” என்று ஒரு சகோதர சமூகத்து நண்பன் அவனிடம் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்? கோபப்படுவான், அல்லது மௌனமாக இருப்பான். இரண்டும் பதிலாகா. பதில் எமது பழைய ஊர்களில் கிடக்கின்றது.

உதாரணத்துக்கு ஒரே ஓர் ஊரை எடுத்துக் கொள்வோம். அது காலி.

முதலில் ஒரு கல்

காலிப் பயணத்தைக் கொழும்பு தேசிய நூதனசாலையில் ஆரம்பியுங்கள். அங்கே மும்மொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. சீனப் பேரரசின் கடற்படைத் தளபதி செங் ஹோ இலங்கைக்குக் கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டுத் திகதி அதில் பொறிக்கப்பட்டுள்ளது. செங் ஹோ யுனான் மாகாணத்து முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர்.

அக்கல்லின் சீன மொழிப் பகுதி புத்த பெருமானுக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கின்றது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தென்னவரை நாயனாருக்கு அளித்தவற்றைச் சொல்கின்றது. மூன்றாவது பகுதி பாரசீக மொழியில் உள்ளது. அது முஸ்லிம்களுக்குரியது. இந்து சமுத்திர வணிகத்தில் முஸ்லிம்களின் பொதுமொழியாக அன்று பாரசீகம் விளங்கியதே அதற்குக் காரணம். மூன்று தரப்பாருக்கும் வழங்கிய பொன், வெள்ளி, பட்டு முதலியவற்றின் பட்டியல்கள் பெரிதும் ஒத்திருக்கின்றன.

இதன் பொருளைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், தூர தேசத்து அரசன் ஒருவன் இந்தக் கரைக்குக் காணிக்கை அனுப்பும்போது, இங்கே முஸ்லிம்களும் இருக்கின்றார்கள், அவர்களுக்கும் பங்கு அனுப்ப வேண்டும் என்று அறிந்திருந்தான். போர்த்துக்கேயர் இந்நாட்டுக்கு வந்தது 1505இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்திய சாட்சி இது.

இக்கல் 1911இல் காலி நகரில் எப்படிக் கண்டெடுக்கப்பட்டது தெரியுமா? எழுத்துள்ள பக்கம் கீழே இருக்க, வடிகாலொன்றை மூடும் பலகைக் கல்லாகக் கிடந்தது! பொறியியலாளர் ஒருவரின் கண்ணில் பட்டிராவிட்டால் இன்னும் எத்தனை காலம் அதன்மேல் வண்டிகள் ஓடியிருக்குமோ, அல்லாஹ்வே அறிவான். மூன்று பகுதிகளிலும் அதிகம் தேய்ந்து போயிருப்பது பாரசீகப் பகுதிதான்.

நூதனசாலைக் கட்டடத்தையும் ஒருமுறை நின்று பாருங்கள். 1877இல் திறக்கப்பட்ட அந்த மாளிகையைக் கட்டி முடித்தவர் எமது சமூகத்தைச் சேர்ந்த வாப்பிச்சி மரிக்கார். தேசாதிபதி கிரகரி, “உமக்கு என்ன சன்மானம் வேண்டும்?” என்று வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்குமாறு மட்டும் அவர் வேண்டிக் கொண்டதாகச் சொல்லப்படுகின்றது.

கோட்டைக்குள் நடந்து பாருங்கள்

கொழும்பு கோட்டையிலிருந்து காலிக்குப் புகையிரதத்தில் செல்லுங்கள். 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதை விரைவானதுதான். ஆனால் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுவது புகையிரதமே. வலப்பக்க ஆசனங்களைப் பிடித்துக் கொண்டால் வழிநெடுகக் கடல் கூடவே வரும். ஹிக்கடுவைக்குச் சற்று முன்னர் பெரலிய என்ற இடம் வரும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் புகையிரதமொன்று அள்ளுண்டு, ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்த இடம் அது. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சற்று நேரம் அவர்கள் மௌனமாக இருக்கட்டும்.

காலி நிலையத்தில் இறங்கினால் கோட்டைக்கு நடந்தே போகலாம். 1588இல் போர்த்துக்கேயர் அரண் அமைத்தார்கள். 1640இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றி, ஊரையே சுற்றி வளைத்துப் பெருங்கோட்டையாகக் கட்டினார்கள். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைகளில் ஒன்றாக்கியது. தரைப்பக்கத்துக் கொத்தளங்கள் மூன்றுக்கும் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர். ஆழிப்பேரலை வந்த அந்நாளில் வெளியே பஸ் நிலையமும் கடைத்தெருவும் நாசமாயின. மதிலுக்குள் இருந்தோரை அந்தப் பழைய சுவர்களே பெரிதும் காத்தன.

பழைய வாயிலைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். வெளிப்பக்கம் ஆங்கிலேயரின் அரச சின்னம். உட்பக்கம் திரும்பினால் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் சேவலின் உருவமும் இருக்கும். ஒரே வாயிலின் இரு பக்கங்களில் இரண்டு ஆட்சிகள்! ஆட்சி நிலையற்றது என்பதை வகுப்பில் ஒரு மணி நேரம் பேசி விளக்குவதைவிட, அந்த வாயிலின் கீழ் ஒரு நிமிடம் நிற்பது மேல்.

பின்னர் தெருக்களின் பெயர்களை விசாரியுங்கள். லேய்ன் பான் வீதி என்பது கயிறு திரித்த தெரு. பெட்லர் வீதியை ஒல்லாந்தர் சோனக வியாபாரிகளின் தெரு என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். அதே ஒல்லாந்தர்தான் முஸ்லிம்கள்மீது ‘ஊழியம்’ என்ற கட்டாய வேலையையும் சுமத்தினார்கள். அதையும் தாண்டி எம்மவர்கள் இந்தக் கரையில் நிலைத்தார்கள்.

இவர்களுக்கும் முன்னரே, 1344இல் இந்நாட்டுக்கு வந்த இப்னு பதூதா பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டு, தெவிநுவர வழியாகக் காலிக்கு வந்தார். ‘காலி’ என்றே ஊரின் பெயரை எழுதி வைத்தார். மரக்கலத் தலைவர் இப்றாஹீம் என்ற முஸ்லிம் ஒருவர் தமக்கு இங்கே விருந்தளித்ததையும் குறிப்பிட்டார். இந்த ஊர் முஸ்லிம் ஒருவரின் விருந்தோம்பல் அப்படித்தான் உலகப் பயண நூலொன்றில் இடம்பிடித்தது.

வெளிச்சவீட்டின் எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் நிற்கின்றது. 1904இல் இன்றைய உருவில் எழுப்பப்பட்ட அதன் வெண்ணிறக் கோபுரங்களைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் தேவாலயம் என்றே எண்ணுவார்கள். உள்ளே சென்று இரண்டு றக்அத் தொழுது, அமைதியாகச் சற்று அமர்ந்திருங்கள். 1892இல் ஆரம்பமான பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அறபுக் கல்லூரியும் இக்கோட்டைக்கே உரியது. நாட்டின் பழைய அறபுக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. 1755இல் கட்டப்பட்ட ஒல்லாந்தத் தேவாலயம், பௌத்த விகாரை, பள்ளிவாசல் ஆகிய மூன்றும் ஒரே மதிலுக்குள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போகக் கூடிய தூரத்திலேயே உள்ளன.

கைமாறும் வீடுகள்

இன்று கோட்டைக்குள் நடப்பவர்கள் ஒரு மாற்றத்தையும் காண்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்த பல வீடுகள் கைமாறி, விடுதிகளாகவும் உணவகங்களாகவும் ஆபரணக் கடைகளாகவும் ஆகியுள்ளன. விற்றவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பழைய வீட்டைப் பராமரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அதில் வாழ்ந்தவருக்கே தெரியும். ஆனால் குடும்பம் போகும்போது அதன் நினைவுகளும் போய்விடுகின்றன. எனவே அங்கே இன்னும் வாழும் பெரியவர்களைக் கண்டால் ஸலாம் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். “இந்தத் தெருவில் முன்னர் யார் யார் இருந்தார்கள், வாப்பா?” என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயங்கள் அவர்கள் வாயிலிருந்து வரும்.

இந்நிலை காலிக்கு மட்டும் உரியதல்ல. எமது ஊர்களில் பள்ளிவாசலைப் பெரிதாக்கும்போது பழைய மரத்தூண்களும், எழுத்துப் பொறித்த கற்களும் எங்கே போகின்றன? அறபுத் தமிழ்க் கிதாபுகளைக் கறையான் தின்பதை யார் பார்க்கின்றார்கள்? மும்மொழிக் கல் வடிகாலை மூடிக் கிடந்ததற்கு யாருடைய பகைமையும் காரணமாக இருந்திருக்கத் தேவையில்லை. அதன் மதிப்பை யாரும் அறியாதிருந்ததே போதும்.

பிறர் தலங்களுக்குச் செல்லும்போது

பழைய ஊர்களுக்குப் போகும்போது பௌத்த, இந்து, கிறிஸ்தவத் தலங்களையும் காண்போம். எமது அகீதாவை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்விடத்துக்குரிய மரியாதையைப் பேணுவது கடமை. 2019 ஜனவரியில், தொல்பொருள் பூமியிலுள்ள தூபியொன்றின்மீது ஏறிப் படம் எடுத்த எமது பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் கைதானதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் பட்ட பாடு போதும். தூபிகளிலும் சிதைந்த சுவர்களிலும் ஏற வேண்டாம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்க வேண்டாம். செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்தில் கழற்றுங்கள். அறிவித்தல் பலகையை வாசித்துவிட்டே அடியெடுத்து வையுங்கள். பயணத்துக்கு முந்திய இரவில் பிள்ளைகளை உட்கார வைத்து இவற்றைச் சொல்லிக் கொடுப்பது பெற்றோரின் பொறுப்பு.

புறப்படுமுன்

ஒரு பயணத்துக்கு ஓர் ஊர் போதும். பார்க்க வேண்டிய நான்கைந்து இடங்களை முன்னரே குறித்துக் கொள்ளுங்கள். காலையிலும் அஸருக்குப் பின்னரும் நடவுங்கள். உச்சி வெயிலில் தொழுதுவிட்டு ஓய்வெடுங்கள். கஸ்ரு, ஜம்உ பற்றிய சட்டங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறிந்து செல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தவறாதபடி நாளைத் தெரிவு செய்யுங்கள்.

வீட்டுப் பெண்களுக்கு அன்றாவது அடுப்படியிலிருந்து விடுதலை கொடுங்கள். பாணும் சம்பலும் வாழைப்பழமும் காலை உணவுக்குப் போதும். பகலில் நல்ல கடையொன்றில் வாங்கிச் சாப்பிடலாம். உம்மும்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். மதில்மேல் அவர் ஏறாவிட்டாலும், கீழே மர நிழலில் இருந்து பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு அவரிடம் எவ்வளவோ இருக்கும். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கொப்பியைக் கொடுத்து, கண்ட ஆண்டுகளையும் பெயர்களையும் எழுதச் சொல்லுங்கள். கைப்பேசியில் எடுக்கும் நூறு படங்களைவிடக் கையால் எழுதிய பத்து வரிகள் நீண்ட நாள் நிற்கும்.

காலி தூரமானவர்களுக்கு வேறு ஊர்கள் இல்லாமல் இல்லை. புத்தளம், இப்னு பதூதா ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த ஊர். பேருவளையில், நாட்டின் மிகப் பழைய பள்ளிவாசலெனக் கருதப்படும் மஸ்ஜிதுல் அப்றார் உள்ளது. போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களை வரவேற்றுக் கிழக்கில் குடியேற்றிய செனரத் மன்னனின் நகரம் கண்டி. மன்னாரில், அறபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரங்களைக் காணலாம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மன்னாரும் யாழ்ப்பாணமும் சுற்றுலாத் தலங்களல்ல. அவை உம்மா வாப்பாவின் ஊர்கள். அவர்கள் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும்.

இந்த விடுமுறையில் ஓர் ஊரைத் தெரிவு செய்யுங்கள். திரும்பி வந்த பின்னர், உங்கள் சொந்த ஊர்ப் பள்ளிவாசலின் வயதையும் பிள்ளைகளோடு சேர்ந்து தேடத் தொடங்குங்கள். “நீங்கள் எப்போது வந்தீர்கள்?” என்று நாளை எவரேனும் கேட்டால், எமது பிள்ளை கோபப்படாமல், “வாருங்கள் நண்பரே, ஒரு கல்லைக் காட்டுகின்றேன்” என்று அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும். அந்தக் கல்லில் அவருடைய முன்னோர்களுக்கும் இடமிருக்கின்றது. அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக!