உச்ச நீதிமன்றத்தின் முதல் நாள்: ஜனவரி 28, 1950



புதுச்சத்திரத்தில் ஜுமுஆ முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனா நம்மள மாதிரி ஆளுங்க பேச்சு எடுபடுமா?" அந்தக் கேள்விக்குப் பதில் தேட, அந்த நீதிமன்றம் தொடங்கிய நாளிலிருந்தே பார்ப்போம்.

வெள்ளையர் காலத்தில் நமது ஊர் வழக்கின் கடைசி மேல்முறையீடு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குத்தான் போகும். 1937 முதல் டெல்லியில் ஃபெடரல் நீதிமன்றம் இருந்தாலும் அதன் அதிகாரம் குறைவு. பிரிவி கவுன்சிலின் அதிகாரம் 1949 அக்டோபரில் முடிவுக்கு வந்தது.

குடியரசு பிறந்து இரண்டு நாள் கழித்து, 1950 ஜனவரி 28 சனிக்கிழமை காலை 9.45 மணிக்கு உச்ச நீதிமன்றம் முதன்முறையாகக் கூடியது. அப்போது அதற்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. நாடாளுமன்றக் கட்டடத்தில், முன்பு சமஸ்தான மன்னர்களின் மன்றம் கூடிய மண்டபத்தில் அமர்ந்தது. இன்றைய கட்டடத்துக்கு மாறியது 1958இல்.

தலைமை நீதிபதி ஹரிலால் கனியா. அவருடன் சையித் ஃபஸ்ல் அலி, பதஞ்சலி சாஸ்திரி, மெஹர் சந்த் மகாஜன், பி.கே. முகர்ஜி, எஸ்.ஆர். தாஸ் என மொத்தம் 6 பேர். 2019இல் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 34 ஆனது. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ராஜமன்னார், பம்பாய் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஆகியோரும், பிரதமர், அமைச்சர்கள், வெளிநாட்டுத் தூதர்களும் வந்திருந்தனர். அட்டர்னி ஜெனரல் சீதல்வாட்டும் மாநில அட்வகேட் ஜெனரல்களும் இருந்தனர். நீதிமன்ற விதிகள் வெளியிடப்பட்டன. ஃபெடரல் நீதிமன்ற வழக்கறிஞர்களின் பெயர்கள் புதிய பட்டியலில் ஏறின. அன்றைய நிகழ்ச்சி அத்துடன் முடிந்தது.

அதன் பலம் என்ன என்பது சில மாதங்களில் தெரிந்தது. சென்னைச் சிறையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த ஏ.கே. கோபாலன், அரசியல் சாசனத்தின் 32ஆவது பிரிவின்படி நேரடியாக உச்ச நீதிமன்றத்தை நாடினார். அடிப்படை உரிமை பறிக்கப்பட்டால் எந்தக் குடிமகனும் செல்லலாம் என்று வழி திறந்த பிரிவு அது.

1950 மே 19இல் தீர்ப்பு வந்தது. காவலில் வைத்ததற்கான காரணத்தை நீதிமன்றத்தில்கூடச் சொல்லக் கூடாது என்ற ஒரு பிரிவு மட்டும் செல்லாது என்றனர். பெரும்பான்மை நீதிபதிகள் மற்றவற்றை ஏற்று மனுவைத் தள்ளினர். நீதிபதி ஃபஸ்ல் அலி உடன்படவில்லை. ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கச் சட்டம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது, அவர் தரப்பைக் கேட்கும் நியாயமான நடைமுறையும் வேண்டும் என்று எழுதினார். அன்று அவர் கருத்து தோற்றது. 28 ஆண்டுகள் கழித்து, 1978இல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்பதை அதே நீதிமன்றம் ஏற்றது.

தம்பியின் கேள்விக்குப் பதில் இதுதான்: பேச்சு உடனே எடுபடாமல் போகலாம்; ஆனால் ஆவணத்தில் ஏறிய நியாயம் அழிவதில்லை. இருவர் தரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்காதே என்பது நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரையும்கூட.

செலவுக்குப் பயந்து யாரும் ஒதுங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். இந்தச் செய்தியை வீட்டில் உள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.