கிருஷ்ணகிரிக்கு ரயில் ஓடியது தெரியுமா?

நாமக்கல்காரர்கள் சொந்த ஊரில் ரயில் ஏறியது எப்போது தெரியுமா? 2013-ல்! சேலம் - கரூர் அகலப்பாதை வந்த பிறகுதான். ஆனால் அதற்கு 108 வருஷம் முன்னாலேயே, 1905-லேயே, கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இருந்தது. ஆமாம், இன்றைக்கு மாவட்டத் தலைநகராக இருந்தும் ரயிலே எட்டிப் பார்க்காத அதே கிருஷ்ணகிரிதான்!

அப்போது நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே ஒரே சேலம் மாவட்டம். திருப்பத்தூரில் பெரிய ரயிலை விட்டு இறங்கினால், கிருஷ்ணகிரிக்குப் போக ஒரு குட்டி ரயில் உண்டு. சுமார் 25 மைல் ஓட்டம். அடுத்த வருஷமே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொரு குட்டி ரயில். 1913-ல் அது ஓசூர் வரைக்கும் நீண்டுவிட்டது!

குட்டி என்றால் எவ்வளவு குட்டி? டேப்பை எடுத்துத் தரையில் இரண்டரை அடி நீட்டிப் பாருங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அவ்வளவுதான் இடம்! உங்கள் வீட்டுத் தலைவாசலே அதைவிட அகலமாக இருக்கும். பெரிய பாதையோ ஐந்தரை அடி. அந்தப் பெட்டி இந்தத் தண்டவாளத்தில் ஏறவே ஏறாது. அதனால் மொரப்பூரிலும் திருப்பத்தூரிலும் சரக்கையெல்லாம் மூட்டை மூட்டையாக இறக்கி, அடுத்த வண்டிக்கு மாற்றி ஏற்ற வேண்டும். எத்தனை தோள்கள் காய்த்துப் போயிருக்கும்!

வறண்ட மேட்டு நிலத்தில் இதை ஏன் போட்டார்கள் தெரியுமா? பஞ்சத்துக்காக! 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் சிதைந்தே போனது. 1871-ல் 19 லட்சத்தைத் தாண்டியிருந்த ஜனத்தொகை, 1881 கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. ரயிலடி வரைக்கும் தானியம் வந்தாலும், உள்ளே இருக்கும் ஊர்களுக்கு அதை இழுத்துப் போக மாடு வேண்டாமா? தீவனமும் தண்ணீரும் இல்லாமல் மாடுகளும் மடிந்துகொண்டிருந்தன. அப்புறம் அமைந்த பஞ்சக் கமிஷன், வறட்சிப் பகுதிகளுக்கு ரயில் போடச் சொன்னது. இந்தக் குட்டிப் பாதைகள் பசித்த ஊர்களுக்குச் சோறு கொண்டுபோகப் பிறந்தவை. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனத்துவிடும்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. போருக்கு இரும்பு வேண்டும் என்று நாடு முழுக்கப் பல கிளைப் பாதைகளைப் பிடுங்கினார்கள். நம் குட்டிப் பாதைகள் இரண்டும் அதில் போயின. பஞ்சம் போட்ட தண்டவாளத்தைப் போர் எடுத்துக்கொண்டது!

தருமபுரிக்கும் ஓசூருக்கும் பிற்பாடு சேலம் - பெங்களூரு பாதையில் ரயில் திரும்பிவிட்டது. கிருஷ்ணகிரிக்கு மட்டும் இன்னும் இல்லை. முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருக்கிற ஊர் அது. அதன் கோரிக்கை நியாயமானது.

மொரப்பூர் - தருமபுரி பாதைக்கு 2019-ல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள், தெரியுமா? 36 கிலோமீட்டர். இந்த முறை ஐந்தரை அடி அகலம்!