மழையில் அழுகும் தொட்டிச் செடிகள்: பருவமழைக்கு முன் காப்பது எப்படி?

திருவனந்தபுரம்: கோடை முழுவதும் பூத்துக் குலுங்கிய அடீனியம் செடி, ஜூன் மாத மழை தொடங்கிய சில நாள்களில் இலைகளை உதிர்த்து, அடித்தண்டு கொழகொழத்துச் சாய்ந்துவிடுகிறது. பல ஆண்டுகள் வளர்த்துப் பருக்கவைத்த தண்டு ஒரே வாரத்தில் அழுகிப்போவது மாடித் தோட்டம் வைத்திருப்போருக்குப் பெரும் இழப்பு. மே மாதத்திலேயே மேற்கொள்ளும் சில எளிய ஏற்பாடுகளால் இதைப் பெரும்பாலும் தவிர்க்க முடியும்.

குளிர் அல்ல, ஈரமே எதிரி

ஐரோப்பிய நாடுகளில் குளிர் தாங்காத மலர்ச் செடிகளை இலையுதிர் காலத்தில் வீட்டுக்குள் கொண்டுசென்று, வசந்தத்தில் வெளியே எடுப்பது வழக்கம். தமிழ்நாட்டின் உதகை அரசு தாவரவியல் பூங்காவிலும், உறைபனியிலிருந்து காக்க மலர்ச் செடிகள் மிலார் செடிகளைக் கொண்டு மூடப்படுகின்றன.

திருவனந்தபுரத்தில் உறைபனி இல்லை. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 'இடவப்பாதி' எனப்படும் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தொடங்குகிறது. அடுத்து அக்டோபரில் 'துலாவர்ஷம்' எனப்படும் வடகிழக்குப் பருவமழை வருகிறது. மேகமூட்டத்தில் வெயில் குறைவதால் செடி உறிஞ்சும் நீரும் குறைகிறது. தொட்டி மண் காயாமல் இருக்கும்போது வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. அந்த நிலையில் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் நோய்க் கிருமிகள் வேரைத் தாக்குகின்றன.

எவற்றை நகர்த்த வேண்டும்?

செம்பருத்தி, இட்லிப்பூ போன்றவை, தொட்டியில் நீர் தேங்காத வரை மழையைத் தாங்கும். வறண்ட நிலங்களிலிருந்து வந்த செடிகளுக்கே கவனம் தேவை. அடீனியத்தின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்காவும் அரேபியாவும். அதன் பருத்த அடித்தண்டு வறட்சிக் காலத்துக்கான நீர்ச் சேமிப்பு. ஜெரானியம், பெட்டூனியா, கேரளத்தில் பத்துமணிப் பூ எனப்படும் டேபிள் ரோஸ் ஆகியவையும் தொடர் மழையில் அழுகக்கூடியவை. காகிதப்பூ எளிதில் சாகாது. எனினும் ஈரம் மிகுந்தால் பூவைக் குறைத்து இலைகளைப் பெருக்கும்.

எங்கே வைப்பது?

இச்செடிகளை இருண்ட அறைக்குள் வைப்பது தவறு. மழைத்துளி விழாத, ஆனால் வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள தாழ்வாரம், பால்கனி, வெயில் படும் சன்னலோரம் ஆகியவை ஏற்றவை. தொட்டிகள் அதிகமாக இருந்தால் மாடியில் மழை மறைப்பு அமைக்கலாம். மழைக்காலக் காய்கறிச் சாகுபடிக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துவரும் முறை இது. புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் விரிப்பைக் கூரையாக்கி, பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். பக்கங்களையும் மூடினால் உள்ளே ஈரப்பதம் தங்கி, பூஞ்சைக்கு இடமளிக்கும்.

கோடை மழை தொடங்கிவிடுவதால் மே மாத நடுப்பகுதிக்குள் செடிகளை நகர்த்திவிடுவது நல்லது. தொட்டிகளைச் செங்கல் மீது வைத்து, அடித்துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீரும் உரமும்

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் செலுத்திப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்ற வேண்டும். தழைச்சத்து உரங்களை நிறுத்திவிடலாம். அவற்றால் தோன்றும் இளந்தளிர்கள் எளிதில் அழுகும். அடீனியத்தை மழை நாள்களில் கவாத்து செய்யக் கூடாது. டேபிள் ரோஸ், ஜெரானியம் ஆகியவற்றின் சில துண்டுகளைச் சிறு கோப்பைகளில் நட்டுத் தனியே வைத்தால், தாய்ச் செடி அழிந்தாலும் வகை அழியாது.

அடித்தண்டு மென்மையானால் தாமதிக்காமல் செடியைப் பிடுங்கி, அழுகிய பகுதியைத் தூய கத்தியால் முழுவதும் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டுவாய் நன்கு காயும்வரை சில நாள்கள் நிழலில் வைத்து, மணல் கலந்த புதிய மண்ணில் நடலாம்.

தட்டில் தேங்கும் நீர்

தொட்டிகளை வீட்டருகே கொண்டுவரும்போது இன்னொரு ஆபத்தும் உடன் வருகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் சிறிதளவு நீரிலும் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் 10 நாள்கள் போதும். எனவே வாரம் ஒருமுறையாவது தட்டுகளைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டே வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

மீண்டும் வெயிலுக்கு

துலாவர்ஷக் காலத்தில் காலையில் வெயில் அடித்து, மாலையில் இடியுடன் மழை கொட்டுவது வழக்கம். காலை வெயிலை நம்பிச் செடிகளை வெளியே வைப்போர் ஏமாறுவது இப்போதுதான். டிசம்பரில் மழை ஓய்ந்த பிறகு, முதலில் இளவெயிலில் இரண்டு மணி நேரம் வைத்து, நாள்தோறும் நேரத்தைக் கூட்டி, இரு வாரங்களில் முழு வெயிலுக்குப் பழக்க வேண்டும். திடீரென வெயிலில் வைத்தால் இலைகள் கருகும். வேர் அழுகாமல் மழையைக் கடந்த செடிகள், அடுத்து வரும் வறண்ட மாதங்களில் மீண்டும் பூக்கத் தொடங்கும்.