திடீரென்று இழுக்கும் வண்டி

நேற்று மாலைவரை நேராக ஓடிய வண்டி இன்று காலையில் இடப்பக்கம் இழுக்கிறது. பிரேக் மிதித்தால் எங்கோ அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். இருபது வயதான மாருதி 800-ஐ இன்னும் விடாமல் வைத்திருக்கும் வீடுகளுக்கு இப்படியொரு காலை வந்தே தீரும். புதுச்சேரியின் கடற்காற்று வீசும் தேங்காய்த்திட்டில் அது சற்று முன்கூட்டியே வரும். பெரிய பள்ளத்தில் இறங்கி ஏதாவது வளைந்தாலொழிய, முன்சக்கரங்களில் ஒரே இரவில் கெட்டுப்போவது மிகக் குறைவு. பல மாதத் தேய்மானம் அன்றைக்குத்தான் கைக்குத் தெரிகிறது. அதுவரை ஏன் தெரியவில்லை என்பதுதான் இதில் வியப்பான விஷயம்.

மாருதி 800 சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014-இல். அதன் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பு. எர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாகச் சேர்த்தார். 1950-இல் ஃபோர்டு கான்சல் காரில் அது அறிமுகமானது. பாகம் குறைந்தது, எடை குறைந்தது, என்ஜினைக் குறுக்கே வைக்க இடம் கிடைத்தது. சின்னக் கார்கள் அதையே பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

தூணின் மேல்முனை வண்டியின் உடலோடு சேர்கிறது. கீழ்முனையில் சக்கரத்தைத் தாங்கும் இரும்பை லோயர் ஆர்ம் பிடித்திருக்கிறது. இரண்டும் சேருமிடத்தில் பால் ஜாயின்ட்: நம் தோள்மூட்டைப் போல ஒரு கிண்ணமும் அதற்குள் திரும்பும் ஒரு குண்டும். சக்கரம் மேலும் கீழும் போகலாம், திரும்பவும் செய்யலாம். கழன்று மட்டும் வரக்கூடாது. உள்ளே கிரீஸ், வெளியே பூட் எனப்படும் ரப்பர் உறை.

பல பால் ஜாயின்ட்களில் குண்டைக் கிண்ணத்தோடு அழுத்திப் பிடிக்கும் ஓர் இறுக்கம் தொடக்கத்திலேயே கொடுக்கப்பட்டிருக்கும். உட்புறம் தேயத் தேய அந்த இறுக்கம் இடைவெளியை நிரப்பிக்கொண்டே வரும். கையால் ஆட்டினாலும் ஆட்டம் தெரியாது. இறுக்கம் முழுதும் செலவான பிறகு வரும் முதல் பள்ளத்தில்தான் சத்தம் கேட்கும். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் இப்படித்தான். ஓரத்தில் தொடங்கிய விரிசல் உள்ளே ஊர்ந்து போகும்போது ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. கடைசி இழையும் கிழிந்த அன்று சக்கரம் இடம் மாறிவிடும்.

இந்தத் தேய்மானத்தைத் துரிதப்படுத்துவது தண்ணீரும் உப்பும். தேங்காய்த்திட்டில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரமும் மீன்பிடித் துறைமுகமும் அருகருகே. காற்றில் உப்பு இருக்கிறது. மீன் ஏற்றிய வண்டிகளிலிருந்து வடியும் தண்ணீரிலும் இருக்கிறது. பூட்டில் ஒரு சின்னக் கிழிசல் போதும். நீர் உள்ளே போய் கிரீஸைக் கெடுக்கும், பளபளப்பான குண்டின் மேல் துருக்குழிகள் விழும், பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் குழிகளின் விளிம்பு கிண்ணத்தைச் சுரண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு என்ஜினைப் பார்ப்பார்கள், இருக்கையைக் காயவைப்பார்கள். பால் ஜாயின்டுக்குள்ளும் வீல் பேரிங்குக்குள்ளும் போன தண்ணீரை யாரும் நினைப்பதில்லை. மாதங்கள் கழித்து வரும் கோளாறை அந்த வெள்ளத்தோடு சேர்த்துப் பார்ப்பவரும் குறைவு.

எவ்வளவு தேய்ந்தால் வண்டி திசை மாறும்? ஸ்டியரிங் ரேக்கிலிருந்து வரும் டை ராட், சக்கரத்திலிருந்து நீளும் ஒரு கையைத் தள்ளியும் இழுத்தும் திருப்புகிறது. அந்தக் கை 12 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். டை ராட் எண்டில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் சக்கரம் ஏறக்குறைய அரை டிகிரி திரும்பிவிடும். அரை டிகிரி கோணலான சக்கரம் 100 மீட்டர் உருள்வதற்குள் 87 செ.மீ. பக்கவாட்டில் போகப் பார்க்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது ஆறே விநாடி. மறுபக்கச் சக்கரம் அதற்கு இணங்காது. இரண்டும் மல்லுக்கட்டும், தேய்வது டயர்.

இழுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. சக்கரம் திரும்பும் அச்சு நேர்க்குத்தாக நிற்பதில்லை. மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். திருப்பிய ஸ்டியரிங்கைத் தளர்த்தினால் தானே நடுவுக்கு வருவதற்குப் பெரும் காரணம் இந்தச் சாய்வு. மாருதி 800-இல் ஸ்டெபிலைசர் பாருக்கு இரண்டு வேலை: வளைவில் வண்டி சாய்வதைக் குறைப்பது, லோயர் ஆர்ம் முன்பின் நகராமல் பிடிப்பது. அதன் முனையிலுள்ள புஷ் போய்விட்டால், பிரேக் மிதிக்கும்போது அந்தச் சக்கரம் கொஞ்சம் பின்னால் நகரும். அச்சின் சாய்வு குறையும். எந்தப் பக்கம் சாய்வு குறைகிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். காலையில் கேட்ட 'டக்' சத்தத்துக்கும் இழுப்புக்கும் ஒரே புஷ் காரணமாக இருக்கலாம்.

நேராக அலைன்மென்ட் கடைக்கு ஓடுவது நம் வழக்கம். அது வரிசை தப்பிய வேலை. ஆட்டமுள்ள மூட்டை வைத்துக்கொண்டு எடுக்கும் அளவு அடுத்த தெருவரைக்கும் நிலைக்காது. முதலில் டயரில் காற்றைச் சரிபாருங்கள். நம் சாலைகள் இடது ஓரத்தை நோக்கிச் சரிவதால் லேசான இடது இழுப்பு இயல்பே. சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். பிறகு முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இரண்டு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது என்று அர்த்தம்.

இவை தேறினால் ஜாக்கி. வண்டியின் உடலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்டையோ ரேக்கையோ பார்க்க வேண்டும். ஆட்டும்போதே மூட்டின் மேல் விரலை வைத்திருங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும்.

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஜாக்கி வைக்கும் இடம் வேறு. அதில் சுருள் ஸ்பிரிங் இல்லை. லோயர் ஆர்மோடு சேர்ந்த நீண்ட இரும்புத் தண்டு, டார்ஷன் பார், முறுகித்தான் முன்பக்க எடையைத் தாங்குகிறது. வண்டியின் உடலைத் தூக்கினால் அந்த முறுக்கே மூட்டை அழுத்திப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கி கொடுத்தால்தான் உண்மை தெரியும்.

பால் ஜாயின்டில் ஆட்டம் என்று உறுதியானால், அந்த வண்டியைப் பட்டறை வரைக்கும்கூட ஓட்டிப் போகாதீர்கள். குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றால் சக்கரம் அடியோடு வெளியே மடங்கிவிடும். ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள், இல்லையென்றால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.