கந்தையும் காந்தாவும்

நம் வீடுகளில் குழந்தை பிறந்தால் அதைப் புதுத்துணியில் கிடத்துவதில்லை. பாட்டியின் பழைய நூல் புடவையோ, தாத்தாவின் நைந்த வேட்டியோதான் அதன் முதல் படுக்கை. வங்காளிகளும் அப்படித்தான். ஆனால் அவர்கள் ஒரு படி மேலே போய், பழைய புடவைகளை மூன்று நான்கு மடிப்பாக அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு, ‘காந்தா’ என்று ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். ‘கந்தா’ என்ற வடசொல்லுக்குக் கிழிந்த துணி என்று பொருள். அதிலிருந்துதான் நம் ‘கந்தை’யும் வந்தது, அவர்களுடைய ‘காந்தா’வும் வந்தது. நாம் கந்தையைக் கசக்கிக் கட்டினோம், அவர்கள் அதையே தைத்துப் போர்த்திக் கொண்டார்கள்.

கல்கத்தாவில் முப்பத்தாறு வருடங்களாக இருந்தும், காந்தாவை நான் கடைகளில் தொங்கும் விலை உயர்ந்த பட்டுப் புடவையாகத்தான் பார்த்திருந்தேன். சென்ற வருடம் பூனாவில் இருக்கும் என் மகள் தொலைபேசியில், “அப்பா, அம்மாவின் புடவைகளில் குழந்தைக்கு ஒரு காந்தா வேண்டும். அங்கே யாரிடமாவது கொடுத்துத் தைத்து அனுப்புங்கள்” என்றாள். என் மனைவி 2021-இல் காலமானாள். பட்டுப் புடவைகளை உறவினர்கள் எடுத்துக் கொண்டார்கள். அன்றாடம் உடுத்திய ஆறு நூல் புடவைகள் மட்டும் பீரோவில் இருந்தன. தைத்துத் தரும் ஒரு பெண்மணியை விசாரித்து, கூலியும் பேசி முடித்தேன். ஆனால் புடவைகளைப் பையில் வைத்து வாசல்வரை போனவன் திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை.

நானே தைப்பது என்று முடிவு செய்ததற்கு என் பழைய உத்தியோகமும் ஒரு காரணம். லிலுவா ஒர்க்‌ஷாப்பில் ஆறு வருடங்கள் டிரிம்மிங் ஷாப் என் பொறுப்பில் இருந்தது. பெட்டிகளின் இருக்கைகளுக்கும் பர்த்துகளுக்கும் ரெக்ஸின் வெட்டித் தைக்கும் இடம் அது. தையலைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற கர்வம் கொஞ்சம் இருந்தது.

அந்தக் கர்வம் முதல் மாதிரியிலேயே போயிற்று.

மாதிரி என்று சொன்னேன் அல்லவா, அதை விளக்கிவிடுகிறேன். ஒர்க்‌ஷாப்பில் எந்தப் புதுப் பொருளையும் நேராக வண்டியில் மாட்டமாட்டோம். முதலில் சிறு துண்டில் சோதனை, அதன் பிறகுதான் மற்றதெல்லாம். இருப்பதோ ஆறு புடவை. கெடுத்துவிட்டால் ஏழாவது எங்கிருந்து வரும்? ஆகவே 150 மில்லிமீட்டர் சதுரமாகச் சிறு துண்டுகள் வெட்டி, நான்கு மடிப்பாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று திட்டம் போட்டேன். ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதிய அட்டையைக் கோத்து, ஊசி எண், நூல், வரிகளின் இடைவெளி, தைப்பதற்கு முன்னும் பின்னும் அளவு என்று ஒரு நோட்டில் பதிந்தேன். இன்றுவரை 31 மாதிரிகள் ஆகியிருக்கின்றன.

முதல் மாதிரிக்கு என்னிடம் இருந்த தடித்த ஊசியை எடுத்தேன். துணியை எம்பிராய்டரி வளையத்தில் மத்தளம் போல இழுத்து மாட்டி, நூலையும் ரெக்ஸினுக்கு இழுப்பது போல இழுத்தேன். வளையத்திலிருந்து எடுத்ததும் நான்கு மூலைகளும் பொரித்த அப்பளம் போல மேலே தூக்கிக் கொண்டன. ஊசி போன இடமெல்லாம் ஓட்டை.

அதை எடுத்துக்கொண்டு மேல் மாடியில் இருக்கும் மாஷிமாவிடம் போனேன். வயது எண்பதைத் தாண்டியவர். ஜெஸ்ஸோரில் பிறந்து, பிரிவினைக்குப் பின் கைக்குழந்தையாக இங்கே வந்தவர். துண்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இஞ்சினியர் பாபு, நூலை இழுக்காதீர்கள். படுக்க விடுங்கள்” என்றார். வளையத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காந்தாவுக்கு வளையம் கிடையாதாம். தரையில் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் நீக்கி, ஓரங்களில் கனம் வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பெரிய பெரிய தையலாக நூலோட்டி அடுக்குகளைப் பிணைத்துவிட வேண்டும். பிறகு மடியில் போட்டுத் தைக்க வேண்டியதுதான். நடுவிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து ஒரு பக்கமாகக் குவிந்துவிடும். இது என் மூன்றாம் மாதிரியில் நிரூபணமாயிற்று.

நூலை முழுக்கத் தளர்த்தினாலும் ஆகாது. காந்தாவின் மேற்பரப்பில் நீர் அலை போல ஒரு மெல்லிய நெளிவு தெரியும். அந்த நெளிவுதான் அடுக்குகளை ஒன்றாக இறுக்குகிறது, தொட்டால் மெத்தென்றும் இருக்கிறது. நூல் சற்றே இழுக்கப்பட்டால்தான் அது வரும். என் கைக்குச் சரிப்பட்ட இழுப்பில் 150 மில்லிமீட்டர் துண்டு 143 ஆகச் சுருங்குகிறது. இந்த 7 மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு மாதிரிகள் ஆயின. நான் வெர்னியர் காலிப்பரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மாஷிமா சிரித்த சிரிப்பு கீழ் மாடிவரை கேட்டது.

பழைய துணியில்தான் தைக்க வேண்டும் என்பது வறுமையால் வந்த வழக்கம் என்றே எண்ணியிருந்தேன். அது பாதிதான் உண்மை. நான்காம் மாதிரியில் மேலே பழைய புடவையும் உள்ளே புது லாங்கிளாத்துமாக வைத்தேன். ஒரு சலவைக்குப் பின் புதுத்துணி சுருங்கியது. ஏற்கனவே நூறு தடவை வெளுத்த புடவை சுருங்கவில்லை. விளைவு, மேல் துணி பையாகத் தொங்கியது. பலமுறை தோய்த்த நூல் புடவையில் கஞ்சியும் விறைப்பும் போய், அடுக்குகள் ஒன்றை ஒன்று பற்றிக் கொள்கின்றன. ஊசியும் வெண்ணெயில் போவது போல இறங்குகிறது.

அந்தக் காலத்தில் நூலைக்கூட விலைக்கு வாங்கவில்லை. புடவைக் கரையிலிருந்து வண்ண இழைகளை உருவி அதையே கோத்துத் தைத்தார்கள். நானும் உருவிப் பார்த்தேன். ஐந்தில் நான்கு அறுந்தன. கடையில் விற்கும் ஆறு இழை நூலையே பிரித்து, இரண்டிரண்டு இழைகளாக வைத்துக் கொண்டேன். மூன்று இழை குழந்தையின் தோலுக்கு முரடாகத் தெரிந்தது. ஓர் இழை சலவையில் விட்டுப்போயிற்று.

பெரிய நஷ்டம் பதினான்காம் மாதிரியில். என் மனைவிக்கு ஒரு மெரூன் நிற மதுரைச் சுங்குடி இருந்தது. அதை மேல் துணியாக வைத்தால் புள்ளிகளின் மேலேயே தையல் ஓட்டலாம், அழகாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். நனைத்ததும் சாயம் இறங்கி, வெள்ளைத் தையலும் அடித்துணியும் ரோஜா நிறமாகிவிட்டன. உப்பு நீரில் ஊற வைத்தால் நிற்கும் என்றார்கள், நிற்கவில்லை. வினிகரும் கேட்கவில்லை. குழந்தை வாயில் வைத்துச் சப்பும் பொருள் என்பதால் அந்தப் புடவையை விலக்கிவிட்டேன். அதன்பிறகு எந்தப் புடவையானாலும் முதலில் ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பார்க்கிறேன். வெள்ளையில் கறை பட்டால் அந்தப் புடவைக்கு இடமில்லை. இந்த எளிய சோதனையை முதலிலேயே செய்திருந்தால் சுங்குடியின் முந்தானையில் ஒரு சதுரத்தை வெட்டியிருக்க மாட்டேன். அந்த வெட்டு இன்னும் உறுத்துகிறது.

இதற்கிடையில் கொஞ்சம் படிக்கவும் செய்தேன். காந்தாவில் பல வகைகள். குளிர்காலப் போர்வைக்கு லேப், விரிப்புக்கு சுஜனி, தலையணை உறைக்கு ஓர், கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்க ஆர்ஷிலதா என்று வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருந்திருக்கிறது. நடுவில் தாமரை, நான்கு மூலைகளில் மரமோ மாங்காயோ என்பது பழைய அமைப்பு. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882–1941) கிராமம் கிராமமாகத் திரிந்து இவற்றைச் சேகரித்தார். ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த மியூசியத்துக்கு வேலையில் இருந்த நாளில் ஒருமுறை போயிருக்கிறேன். அந்தச் சேகரிப்பில் மானதாசுந்தரி என்ற பெண், தன் தகப்பனாருக்காகத் தன் கையால் செய்தது என்று எழுத்தாகவே தைத்து வைத்த ஒரு காந்தா இருக்கிறது. ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்ற கதைப்பாட்டில், கணவனைப் பிரிந்த சாஜு தன் கதை முழுவதையும் காந்தாவில் தைத்து, அதைத் தன் சமாதிமேல் விரிக்கச் சொல்கிறாள். மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு 2008-இல் கிடைத்தது. பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023-லும், பீர்பூமைச் சேர்ந்த தக்தீரா பேகத்துக்கு 2024-லும் இந்தக் கைவேலைக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது. இத்தனை கௌரவம் உள்ள கலையில் நான் அப்பளம் பொரித்துக் கொண்டிருந்தேன்!

இருபத்திரண்டாம் மாதிரிக்காகச் சந்தன நிறப் புடவையை விரித்தபோது, கொசுவப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு ஏதோ விரலில் தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கிழிசல். அதே நிற நூலால், தெரியாதபடி இழை இழையாக ஓட்டித் தைத்திருந்தாள். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தையலும் 2 மில்லிமீட்டர், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மாறவே இல்லை. என்னுடைய சிறந்த மாதிரியில்கூட 3-க்கும் 4-க்கும் இடையே ஊசலாட்டம் உண்டு. அந்தப் புடவை எப்போது கிழிந்தது, எப்போது தைத்தாள், எதுவும் எனக்குத் தெரியாது. ஷிஃப்டு முடிந்து வந்து சாப்பிட்டுப் படுத்தவனுக்கு எப்படித் தெரியும்? மாஷிமாவிடம் காட்டினேன். நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, “இவர் உங்களிடம் கற்றுக்கொள்ளவில்லை என்பது நன்றாகத் தெரிகிறது” என்றார்.

அந்த இடத்தை வெட்டவில்லை. சந்தன நிறப் புடவையே மேல் துணி என்றும், அந்தத் தையல் காந்தாவின் நடுவில் வர வேண்டும் என்றும் முடிவு செய்தேன். தாமரை வேண்டாம். அவள் போட்ட வரியை ஒட்டியே என் முதல் வரி ஆரம்பித்து, இருபுறமும் விரிந்து போகும்.

பிறகு கணக்குப் போட்டேன். முடிந்த பின் 90 சென்டிமீட்டருக்கு 75 என்றால், சுருக்கத்துக்கு இடம் விட்டு 95-க்கு 79 ஆக வெட்ட வேண்டும். வரிக்கு வரி 3 மில்லிமீட்டர் இடைவெளியில் ஏறக்குறைய 300 வரிகள், மொத்தம் 225 மீட்டர் தையல். பத்து சதவீதம் கூடுதலாக நூல். ஒரு நூல்கண்டு 8 மீட்டர். ஆறு இழையை இரண்டிரண்டாகப் பிரித்தால் 24 மீட்டர். ஆக 11 கண்டுகள். 15 சென்டிமீட்டர் வரிக்கு எனக்கு 4 நிமிடம் ஆவதால் மொத்தம் 100 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 50 நாளில் முடிய வேண்டும். இதில் கண்ணுக்கும் முதுகுக்கும் ஓய்வு சேர்க்கவில்லை என்பது ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

செய்து பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு என் அனுபவத்தில் இரண்டு வார்த்தை. ஊசி ஒன்பதாம் நம்பர் எடுங்கள்; எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதை நான் தலைகீழாக நினைத்திருந்தேன். பகல் வெளிச்சத்தில் மட்டும் தையுங்கள். விளக்கு வெளிச்சத்தில் நேராகத் தெரிந்த வரி, காலையில் பார்த்தால் ஹூக்ளி நதியாக வளைந்திருக்கும். ஆண்கள் தைத்தால் நாலு பேர் சிரிப்பார்களே என்று தயங்க வேண்டாம். டிரிம்மிங் ஷாப்பில் தைத்தவர்கள் அனைவரும் ஆண்கள்தான், யாரும் சிரித்ததில்லை.

மாதிரிகளை என்ன செய்வது என்று மகள் கேட்டாள். சுங்குடி சாயம் ஏறிய பதினான்காம் எண்ணைத் தவிர மற்றவற்றை அவளுக்கே அனுப்பச் சொன்னாள். அதை நான் வைத்துக் கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

குழந்தைக்கு மார்கழியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். நேற்றுவரை 112 வரிகள் ஆகியிருக்கின்றன. மாலையில் மாஷிமா இறங்கி வந்து பார்த்தார். கடைசி இரண்டு வரிகளில் மறுபடியும் நூலை இழுத்திருக்கிறேனாம், பிரிக்கச் சொல்லிவிட்டுப் போனார். காலையில் வெளிச்சம் வந்ததும் பிரிக்க வேண்டும்.