சுவருக்குள்ள தட்டுறது யார்?

செயின்ட் ஜேம்ஸ் டவுனில நாங்கள் இருந்த அபார்ட்மெண்டில, விடியப்புறம் 3 மணிக்கு ‘டிக், டிக், டொக்’ எண்டு சத்தம் தொடங்கும். அம்மம்மா எலி எண்டா. அப்பா ஹீட்டரைப் பூட்டிப்போட்டார். எல்லாரும் ஜாக்கெட்டோட படுத்தம்.

எலி இல்லை, செப்பு. சுவரோரத் தகரப் பெட்டிக்குள்ள சுடுதண்ணி ஓடுற செப்புக் குழாய் இருக்கு. 10 மீட்டர் குழாய் 50 பாகை சூடேறினால் ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர் நீளும். கொளுக்கி இறுக்கிப் பிடிச்சால் குழாய் விக்கி விக்கித்தான் நகரும். அந்த விக்கல்தான் டிக். இடையில ஒரு ஃபெல்ட் துண்டு வைச்சால் அடங்கும்.

‘களக் களக்’ எண்டால் உள்ளுக்குக் காத்து மாட்டுப்பட்டிருக்கு. அதை நீங்களே திறந்து விடப் போகாதேங்கோ, மாடிக் கட்டிடத்தில எல்லாருக்கும் ஒரே தண்ணி. (ஸ்காபரோவில சொந்த வீடு எண்டால் பெரும்பாலும் சூடான காத்துதான், அங்க சத்தம் போடுறது தகரக் குழாய். அது வேற கதை.)

சத்தத்துக்காகக் குளிரில கிடக்கவேண்டியதில்லை. குளிர்காலத்தில வீட்டுக்காரர் 21 பாகை தரவேணும் எண்டது டொரன்டோ நகரச் சட்டம். தராட்டில் 311க்கு அடிக்கலாம்.

அப்பா சூப்பரிடம் சொல்லக் கூச்சப்பட்டார், இங்கிலீஷ். நான் மூண்டு இரவு ஃபோனில ரெக்கோர்ட் பண்ணி, நேரத்தையும் எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தன். அடுத்த கிழமை மனுசன் ஃபெல்ட்டோட வந்தார். அரை மணித்தியால வேலை.

அம்மம்மா எலிப்பொறியை இன்னும் எடுக்கேல்லை.