ஆக்லாந்து–சென்னை: தூரமா, நேரமா?

உலக உருண்டை ஒன்றில் நியூசிலாந்தின் ஆக்லாந்தையும் கத்தாரின் தோகாவையும் ஒரு நூலால் இழுத்துக் கட்டிப் பாருங்கள். நூல் இலங்கையின் நடுவே ஏறி, ராஜபாளையம் பக்கமாகத் தமிழ்நாட்டைக் கடந்து அரபிக் கடலுக்குப் போகும். நீளம் 14,535 கிலோமீட்டர். 2017 பிப்ரவரியில் கத்தார் ஏர்வேஸ் இவ்வளவு தூரத்தை எங்கும் இறங்காமல் கடக்கும் சேவையைத் தொடங்கியது. சென்னையோ ஆக்லாந்திலிருந்து ஏறக்குறைய 11,280 கிலோமீட்டர்தான். ஆனாலும் ஆக்லாந்துத் தமிழர்கள் ஊருக்குப் போக வழியில் எங்காவது விமானம் மாறித்தான் ஆக வேண்டும். அந்தச் சுற்றுவழிதான் பயணத்தை நீட்டுகிறது என்பது பொதுவான எண்ணம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆக்லாந்து–சிங்கப்பூர் சுமார் 8,410 கிலோமீட்டர், சிங்கப்பூர்–சென்னை சுமார் 2,920. இரண்டையும் கூட்டினால் நேர்வழியைவிட 50 கிலோமீட்டர்தான் அதிகம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு அது நான்கு நிமிடம்கூட இல்லை. பயணத்தை நீட்டுவது தூரம் அல்ல, காற்றும் காத்திருப்பும்தான்.

முதலில் காற்று. விமானங்கள் பறக்கும் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், குறிப்பாக ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் மேலே, மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்றோட்டம் உண்டு. அதனால்தான் தோகாவிலிருந்து ஆக்லாந்து வருவதைவிடத் திரும்பிப் போக ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாகிறது. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, மேற்கே போகிறவருக்கு ஊர் எதிரே வர வேண்டாமா என்று கேட்கலாம். பூமியோடு வளிமண்டலமும் சேர்ந்தே சுழல்வதால் அந்த லாபம் கிடைப்பதில்லை. போகும்போது இழந்ததை வரும்போது ஈடுகட்டிவிடலாம் என்பதும் சரியல்ல. 900 கிலோமீட்டர் வேக விமானம் 9,000 கிலோமீட்டர் போய்வர, காற்றே இல்லாவிட்டால் 20 மணி நேரம். 100 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால் எதிரே போக 11 மணி 15 நிமிடம், உடன் வர 9 மணி; மொத்தத்தில் 15 நிமிடம் நஷ்டம். எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்க நேர்வதே காரணம்.

அப்படியானால் காத்திருப்பை ஒழிக்க நேரடி விமானம் விட்டால் என்ன? தோகா வரை பறக்கும் விமானத்துக்குச் சென்னை எட்டாத தூரம் இல்லை. ஆனால் நீண்ட பயணத்தில் எரிபொருளைச் சுமப்பதற்கே கணிசமான எரிபொருள் செலவாகும். இருக்கைகளும் நிரம்பியாக வேண்டும். சிங்கப்பூர் வழி என்றால் சென்னை, திருச்சி, கொழும்பு செல்பவர்கள் எல்லோரையும் ஒரே விமானத்தில் ஏற்றிவிடலாம். விமான நிறுவனத்துக்கு இது நியாயமான கணக்கு. அதற்கான விலையைப் பயணி தன் நேரத்தால் கொடுக்கிறார். ஆகவே டிக்கெட் எடுக்கும்போது புறப்படும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கழித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். அவை அந்தந்த ஊர் நேரங்கள். நியூசிலாந்து கடிகாரம் நம்முடையதைவிட ஆறரை மணி நேரம், அங்கே கோடை நேரம் நடப்பில் இருக்கும் மாதங்களில் ஏழரை மணி நேரம் முந்தியது. மொத்தப் பயண நேரத்தையும், இடையில் காத்திருக்கும் நேரத்தையும் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.